நாலு நாள் துரு

மழையில் நின்ற காரின் சக்கரத்துக்குள்ளே எப்போதாவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா, கண்ணுகளா? தட்டு மாதிரி ஒரு இரும்பு வட்டம் தெரியும். டிஸ்க் என்பார்கள். பிரேக் போய்க் கவ்வுவது அதைத்தான். ஒரு ராத்திரி ஈரம் பட்டாலே அது செம்மண் பூசினாற்போல் துருப்பிடித்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை. வண்டியை எடுத்து நாலு தடவை பிரேக்கை மிதித்தால் துரு உரசிப் போய்ப் பளபளவென்று ஆகிவிடும். எல்லாம் என் வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்ததுதான். டாக்டரம்மாவுக்குப் பதினோரு வருஷம் டிரைவராக இருந்தவர் அவர். அந்த வீட்டுப் பின்கட்டில் எங்களுக்கு ஒரு அறை. வேலை போனால் அறையும் போகும்.

டாக்டரம்மா வெளியூர் போயிருந்த நாலு நாளும் விடாத மழை. நாலாம் நாள் காலையில் போன் வந்தது. யாரோ அவரிடம் வத்தி வைத்திருக்கிறார்கள். நாங்கள் அவருடைய காரில் ஆள் ஏற்றி வாடகைக்கு ஓட்டுகிறோமாம்.

இவருக்கு முகத்தில் ஈயாடவில்லை. கிலோமீட்டரைக் காட்டலாமென்றால், அந்த மீட்டர் செத்து இரண்டு வருஷம்.

"அம்மா, வண்டி நின்ன இடத்தை விட்டு அசையலம்மா. டிஸ்க்கெல்லாம் துருவேறிக் கிடக்கு, வந்து பாருங்க. ஓடின வண்டியில துரு நிக்காது."

"எனக்கு அதெல்லாம் புரியாதுப்பா. தெரிஞ்ச மெக்கானிக் யாரையாவது வரச் சொல்லு. அவர் சொல்லட்டும்."

நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். "அண்ணனைக் கூப்பிடுங்க. நமக்கு அவரை விட்டா யாரு இருக்கா?"

என் அண்ணன் பிரேக் மெக்கானிக். கொஞ்ச நாளாகப் பட்டறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். இவரே போன் போட்டு, துருதான் நமக்குச் சாட்சி என்று ஒன்று விடாமல் சொன்னார். "கவலைய விடுங்க மாப்பிள, நான் பாத்துக்கறேன்" என்றார் அண்ணன். வண்டியைத் தொடக்கூடாதென்று இவர் ஆட்டோ பிடித்து, டாக்டரம்மாவை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனார்.

இவர் அந்தப் பக்கம் போக, அண்ணன் இந்தப் பக்கம் வந்தார். டீ கொடுத்தேன்.

"என்ன பாப்பா, டீயில சக்கரையக் காணோம்? டாக்டர் வீட்டுல இருந்து நீயும் டாக்டராயிட்டியா?"

சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டேன்.

"சாவியக் குடு. நாலு நாளா நின்ன வண்டி, பேட்டரி உயிரோட இருக்கான்னு பாக்கறேன்."

ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தேன். மழையில் நனைந்தபடி கேட்டையும் நான்தான் திறந்துவிட்டேன். தெருக்கோடி வரை போனார், வந்தார், மறுபடி போனார். முதல் பிரேக்குக்குக் கர்ரென்று ஒரு சத்தம், பல் கூசியது. அடுத்ததற்குக் கொஞ்சம் குறைந்தது. கடைசியில் சத்தமே இல்லை. அண்ணன் எவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பழைய இடத்திலேயே வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பித் தந்தார்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்தார். இவர் ஆசையாய்க் குடையைப் பிடித்துக்கொண்டு, "பாருங்கம்மா" என்று சக்கரத்தைக் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. டிஸ்க் கண்ணாடி மாதிரி மின்னியது.

"நீங்க சொல்லுங்க மெக்கானிக், இது நாலு நாள் நின்ன வண்டியா?"

அண்ணன் குனிந்து விரலால் தடவிப் பார்த்தான். அவர் இவர் என்று சொல்ல இனிமேல் எனக்கு வாய் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"சொல்லவே சங்கடமா இருக்கும்மா. எங்க மாப்பிள்ளைதான். ஆனா தொழில்ல பொய் சொல்ல மாட்டேன். இது ஓடின வண்டி."

நான் குறுக்கே வந்தேன். "அம்மா, இப்பத்தான் அண்ணன் எடுத்து ஓட்டினாரு! நான்தான் சாவி குடுத்தேன், கேட்டைத் திறந்துவிட்டேன்!"

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன் பாப்பா, அவ்வளவுதானே? வண்டிய நகத்தவே இல்லையே" என்றான், குழந்தையைத் தேற்றுவது போல. பிறகு டாக்டரம்மா பக்கம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. புருஷனுக்காகச் சொல்றா. எந்தப் பொண்டாட்டிதான் சொல்ல மாட்டா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பாவம் என்கிற பார்வை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொட்டுகிற மழையில் தெருவில் ஒரு ஈ காக்கா இல்லை, எனக்காக வாயைத் திறக்க.

இவர் என்னிடம் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். டாக்டரம்மாவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்ப் பெட்டியை இறக்கினார். "சாவிய ஏன் குடுத்தே?" என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

அடுத்த மாதமே வத்தி வைத்தது யாரென்று தெரிந்துவிட்டது. ராத்திரியெல்லாம் பெய்து ஓய்ந்த ஒரு காலை. காய்கறிப் பையோடு அந்த வீட்டுத் தெரு முனையில் நின்றிருந்தேன். டாக்டரம்மாவின் கார் தெருவுக்குள்ளிருந்து வந்து முனையில் பிரேக் போட்டது. கர்ரென்று அதே சத்தம். ஓட்டி வந்தது என் அண்ணன். வண்டியில் வேறு யாரும் இல்லை. கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் பார்வையை ரோட்டுக்குத் திருப்பிக்கொண்டான்.

கிட்டே போய்ச் சொன்னேன். "ராத்திரி பூரா வண்டி நின்ன இடத்தை விட்டு அசையல போலிருக்கே, அண்ணா. யாராவது கேட்டா வந்து நான் சொல்றேன்."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.