பயனாளி ஒருவர்

மாநில பட்ஜெட்டை ஆராய்ந்து அறிக்கை எழுதும் ஒரு சிறிய நிறுவனத்தில் பிருந்தா வேலை பார்த்தாள். மதுரை அண்ணாநகரில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் அலுவலகம். போலீஸ், நீதிமன்றம், சிறை, இந்த மூன்று துறைகளும் சட்டமன்றத்தில் தனித்தனியே பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகள் அவள் பொறுப்பு.

ஜாமீன் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாத கைதிகளுக்கு அரசே அந்தத் தொகையைக் கட்டும் திட்டம் ஒன்று இருந்தது. அதற்கு ஒதுக்கியதில் இந்த மாவட்டத்தில் ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை என்று அந்த ஆண்டு அவள் கண்டுபிடித்தாள். நிறுவனத்தின் தலைவர் குருபிரசாத் அட்டவணையைப் பார்த்துவிட்டு, “நம்பரை மட்டும் போட்டா எவன் படிப்பான்? ஒரு குடும்பத்தைப் பிடி,” என்றார்.

இலவசச் சட்ட உதவி வக்கீல் ஒருவர் முத்துத்தாயின் பெயரைச் சொன்னார். டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமம். பிருந்தா போனபோது அவள் சீமைக்கருவேல முள் வெட்டிக்கொண்டிருந்தாள். அரிவாளைக் கீழே போடாமலே பேசினாள்.

“எடுத்தது நெசந்தான் மேடம். குடிச்சிருந்தாரு. உக்கிரபாண்டி கிணத்து மோட்டார் வயர அறுத்து எடைக்குப் போட்டுட்டாரு. நான் இல்லைன்னு சொல்லல. அதுக்கு எம்புட்டு நாளு உள்ள வப்பாக?”

“மூணு வருசம் வரைக்கும் தண்டனை குடுக்கலாம்க்கா. ஆனா வழக்கு விசாரணையே இன்னும் ஆரம்பிக்கல.”

“பதினேழு மாசமாச்சு.”

அவள் கணவன் வெள்ளைத்துரைக்கு மூன்றாவது மாதமே ஜாமீன் கிடைத்திருந்தது. ஜாமீன்தாரர் இரண்டு பேர் வேண்டும் என்றது கோர்ட். மண் லாரிகள் ஓட்டும் உக்கிரபாண்டிக்கு எதிராகக் கையெழுத்துப் போட அந்த ஊரில் ஆள் இல்லை. வக்கீல் மனுப் போட்டு, அதற்குப் பதில் இருபத்தைந்தாயிரம் கட்டினால் போதும் என்று மாற்றி வாங்கினார். அதுவும் இல்லை.

“வயர எடுத்தவருக்கு ஜெயிலு. லாரி லாரியா ஓடை மண்ண அள்ளுறவனுக்குக் கும்பிடு,” என்ற முத்துத்தாய், அடுத்த மூச்சிலேயே, “இத மட்டும் எழுதிராதீக. நாங்க இங்கதான் பொழைக்கணும்,” என்றாள்.

“எழுத மாட்டேன்க்கா.”

ஜாமீன் உதவிக்கான மனுவை பிருந்தாவே எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கி, சிறைத் துறையில் இத்திட்டத்தைக் கவனிக்கும் அதிகாரி சொக்கநாதனிடம் கொடுத்தாள். அடுத்த இரண்டு வாரத்தில் நான்கு முறை போய்க் கேட்டாள். “குழு கூடணும்மா. கூடுனாத்தானே?” என்பதே ஒவ்வொரு முறையும் பதில். மனுக்களை முடிவுசெய்யும் அந்த மாவட்டக் குழு அந்த ஆண்டில் ஒருமுறைகூடக் கூடியிருக்கவில்லை.

சட்டமன்றம் கூடுவதற்கு முந்தைய வாரம் குருபிரசாத் அவளுடைய குறிப்பேட்டைப் புரட்டினார். மண் அள்ளும் வரியில் அவர் விரல் நின்றது.

“இதுதான் ரிப்போர்ட்டே.”

“எழுத வேண்டாம்னாங்க சார்.”

“பேரையா போடப் போறோம்?”

பெயர் இல்லை. ஊர் இல்லை. ‘டி. கல்லுப்பட்டி வட்டாரத்தில், மோட்டார் வயர் திருட்டு வழக்கில் பதினேழு மாதமாகச் சிறையிலிருப்பவரின் மனைவி’ என்று மட்டும் எழுதி, அதற்குக் கீழே அந்த வரியைச் சேர்த்தாள். குருபிரசாத் வற்புறுத்தினார் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அது முழு உண்மையில்லை. அந்த வரி அவளுக்கும் பிடித்திருந்தது.

நாளிதழ் ஒன்று அதைக் கட்டம் கட்டிப் போட்டது. எட்டாவது நாள் குழு கூடியது. வந்திருந்த ஒரே மனு அங்கீகரிக்கப்பட்டது. சொக்கநாதன் தானே போன் செய்து, “உங்க ஆளு வியாழக்கிழமை வெளிய வாராரு,” என்றார்.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் முத்துத்தாய் சிறைவாசலுக்கு வந்துவிட்டாள். துணிப்பையில் புது வேட்டியும் சட்டையும். பிருந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க மட்டும் இல்லைன்னா...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டாள்.

பதினோரு மணிக்கு வெள்ளைத்துரை வெளியே வந்தான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மனைவியைத் தேடினான். அவள் அவனை எட்டுவதற்குள் டீக்கடை பெஞ்சிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து அவன் இருபக்கமும் நின்றார்கள். மப்டி போலீஸ்.

“வெள்ளைத்துரைதானே? வா. இன்னொரு கேஸு இருக்கு.”

மூன்று வருடத்துக்கு முன்னால் காணாமல்போன ஒரு மோட்டார். உக்கிரபாண்டியின் மச்சான் நான்கு நாளைக்கு முன்னால்தான் புகார் கொடுத்திருந்தான்.

“அப்ப அவரு திருப்பூர்ல வேலையில இருந்தாரு சார். அந்த வருசம் பூரா ஊர்லயே இல்ல,” என்றாள் முத்துத்தாய்.

“கோர்ட்ல சொல்லு.”

பிருந்தா முன்னால் போய்த் தன் அடையாள அட்டையைக் காட்டினாள். மூத்தவர் அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வெள்ளைத்துரை திமிறவில்லை. “சட்டைய மட்டும் மாத்திக்கிறேன் சார்,” என்றான். “அங்க வந்து மாத்திக்கலாம்,” என்று ஜீப்பில் ஏற்றினார்கள். பை முத்துத்தாயின் கையிலேயே இருந்தது.

ஏறுமுன் மூத்தவர் அவளிடம் குரலைத் தாழ்த்தி, “பேப்பர்ல அப்படிப் பேசலாமாம்மா? சும்மா விடுவாகளா?” என்றார்.

ஜீப் போனது. முத்துத்தாய் திரும்பினாள். “பேப்பர்ல நான் என்ன பேசுனேன்?”

பிருந்தா செல்போனில் அந்தச் செய்தியை எடுத்து நீட்டினாள். “கண்ணாடி கொண்டாரல. நீங்களே படிங்க,” என்றாள் முத்துத்தாய். நடைபாதையில் நின்றபடி பிருந்தா படித்தாள். முத்துத்தாய் கடைசிவரை கேட்டாள்.

“நான் சொன்ன மாதிரியே இருக்கு,” என்றாள். “ஒரு எழுத்து மாறல.”

பிருந்தா அழ ஆரம்பித்தாள். முத்துத்தாய் துணிப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பிறகு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். பின்னாலேயே போனவளிடம், “வராதீக,” என்றாள்.

மே மாதம் ஒரு ஹோட்டல் அரங்கில் திட்டங்கள் குறித்த ஆய்வுக் கூட்டம் நடந்தது. சொக்கநாதன் திரையில் காட்டினார்: பெறப்பட்ட மனு ஒன்று, பயனாளி ஒருவர், நூறு சதவீதம். கைதட்டினார்கள்.

பிருந்தா எழுந்தாள். “அவரை வாசல்லயே மறுபடி கைது பண்ணிட்டாங்க சார். இப்பவும் உள்ளதான் இருக்காரு.”

“அது போலீஸ் மானியக் கோரிக்கைம்மா. இது சிறை,” என்றார் சொக்கநாதன் பொறுமையாக. “நீங்களே ரெண்டையும் தனித்தனியாத்தானே எழுதுறீங்க?”

அரங்கில் சிரிப்பு எழுந்தது. குருபிரசாத் அவள் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தார். உட்கார்ந்தாள்.

ஊரில் முள்வெட்ட முத்துத்தாயை யாரும் கூப்பிடுவதில்லை. காடுகள் உக்கிரபாண்டியின் உறவுக்காரர்களுடையவை. அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருப்பதாக வக்கீல் சொன்னார். புது வழக்குக்கான ஜாமீன் உதவி மனுவோடு பிருந்தா அங்கே போனாள். முத்துத்தாய் இரும்புத் தூள் ஒட்டிய விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

“எதாவது சொல்லணுமாக்கா?”

“உங்ககிட்டயா?” என்று கேட்டுவிட்டு, முத்துத்தாய் குனிந்து கூட்டத் தொடங்கினாள்.