பொய்க்குப் பழுத்த தக்காளி

பஸ் ஓட்டுகிறவளின் வீட்டுத் தோட்டத்தில் தக்காளி வெயிலுக்குப் பழுப்பதில்லை, பொய்க்குத்தான் பழுக்கும். செடிக்குக் கேட்கும் தூரத்தில் யாராவது பொய் சொன்னால் ஒரு காய் சிவக்கும். கூசாமல் சொன்னால் ஒரு கொத்தே சிவக்கும். தெருவில் யாரும் இதை அதிசயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வீட்டில் குழாய் சொட்டும், ஒரு வீட்டில் கதவு முனகும், இவள் வீட்டில் இப்படி, அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பல் டாக்டருக்கு அவசரமாக இரண்டு பழம் தேவைப்பட்டால் வேலியோரம் வந்து, "வலிக்கவே வலிக்காது" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் பறித்துக்கொண்டு போவார்.

அந்தப் பழத்துக்கு ஒரே ஒரு குறை. பொய்க்கு ஆயுசு கம்மி என்பார்களே, அதே கதைதான், விடிவதற்குள் அழுகிவிடும். அதனால் அவள் வைப்பது எப்போதும் அவசரச் சாஸ். வேகவைத்துத் தோலுரிக்கிற வேலையெல்லாம் இல்லை. பழத்தைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கத்தைத் துருவியில் தேய்த்தால் சதை கிண்ணத்தில் விழும், தோல் உள்ளங்கையில் மிஞ்சும். அகலமான சட்டியில் எண்ணெய், நசுக்கிய பூண்டு, பூண்டு சிவப்பதற்கு முன்னால் தக்காளியும் உப்பும். தீயைக் குறைக்கக் கூடாது. கரண்டியால் இழுத்த கோடு மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம். கிளறுவது அவள், துருவுவது தங்கை. தங்கை ஆஸ்பத்திரியில் நர்ஸ், டூட்டி முடிந்தால் நேராக அக்கா வீட்டுக்குத்தான் வருவாள். தாயில்லாத அந்தப் பெண்ணுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி வளர்த்தவள் அக்காதான். லிஃப்ட் மெக்கானிக்கான அக்காவின் கணவன் ரொட்டியை வெட்டி வைத்துக்கொண்டு இருவருக்காகவும் காத்திருப்பான்.

மூன்று வருடமாக அமோக விளைச்சல். அத்தனையையும் பக்கத்து வீட்டு இன்ஷூரன்ஸ்காரரின் கணக்கில் எழுதியதுதான் அவள் செய்த தப்பு. ரிடையர் ஆன மனுஷன், சுவரோரம் நின்று வாயைத் திறந்தால் அண்டப்புளுகு ஆகாசப்புளுகுதான். கப்பலை ஒற்றைக் கையால் தள்ளியிருக்கிறாராம். "இவர் வாய்க்குச் சர்க்கரைதான் போடணும்" என்று சிரித்துக்கொண்டே அவருக்கும் ஒரு கிண்ணம் சாஸ் கொடுத்தனுப்புவாள். ஒரு கோடையில் அவர் மகனோடு இருக்க வெளிநாடு போய்விட்டார். இனிமேல் கடைத் தக்காளிதான் என்று நினைத்திருந்தாள். ஆனால் செடி முன்னைவிட அதிகமாகச் சிவந்தது.

ஒரு சாயங்காலம் ஜன்னலோரம் துருவியைக் கழுவிக்கொண்டே சும்மாதான் கேட்டாள். "ஏங்க, நேத்து ஏன் அவ்வளவு லேட்டு?"

"லிஃப்ட்ல ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க" என்றான். வெளியே ஒரு கொத்து சிவந்தது. அவன் சொல்லி முடிப்பதற்குள் தங்கை தலையைக் குனிந்துகொண்டதையும் அவள் பார்த்துவிட்டாள்.

"நீ எங்கடி இருந்த?"

"வார்டுலதான்க்கா. வேற எங்க இருப்பேன்?"

அடியிலிருந்து நுனிவரை, நேற்று வைத்த பிஞ்சுகூட விடாமல், செடி முழுக்கச் சிவந்துவிட்டது. மூன்று பேரும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நெஞ்சு வெடித்தாலும் பழம் காத்திருக்காதே. "பறிச்சிட்டு வா" என்றாள். தங்கை துருவினாள், அக்கா கிளறினாள், அவன் ரொட்டி வெட்டினான். சாப்பிடும்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று வருடமாக இவர்கள் பொய்யைத்தான் பூண்டு போட்டு வதக்கித் தின்றிருக்கிறாள். ருசியாக இருக்கிறதென்று இரண்டாம் தடவை வேறு போட்டுக்கொண்டிருக்கிறாள். புருஷன் துரோகம் வலித்தது. தன் கையால் ஊட்டி வளர்த்த வாய் தன் முகத்துக்கு நேரே கூசாமல் பேசியதுதான் தாங்க முடியவில்லை.

அந்த வாரமே அவர்கள் இருவரும் சேர்ந்து போய்விட்டார்கள். அவன் தங்கையோடும் நிலைக்கவில்லை. லிஃப்ட்காரனுக்கு எந்த மாடியிலும் தங்கிப் பழக்கமில்லை. இன்ஷூரன்ஸ்காரர் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து விஷயம் கேள்விப்பட்டபின் சுவரோரம் வாயே திறக்கவில்லை. பல் டாக்டரும் வெட்கப்பட்டுக் கடையில் வாங்கிக்கொண்டார். தனியாக இருப்பவள் யாரிடம் பொய் சொல்வாள்? காய்கள் வருடக்கணக்கில் பச்சையாகவே தொங்கின. அவளும் பஸ்ஸை ஓட்டிவிட்டு வந்து வெறும் ரொட்டி தின்றாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். முடி பாதி நரைத்திருந்தது. வாசலில் நிற்காமல் தோட்டத்துப் பக்கமாகவே வந்து செடியருகே நின்று, "அக்கா, இன்னும் என் மேல கோபமா?" என்றாள்.

"இல்லடி. அதெல்லாம் எப்பவோ போச்சு."

அத்தனை வருடக் காயும் ஒரே மூச்சில் சிவந்தது. இருவரும் பார்த்தார்கள். தங்கை அழவுமில்லை, திரும்பிப் போகவுமில்லை. உள்ளே போய் ஆணியில் தொங்கிய துருவியை எடுத்து வந்தாள். அக்கா பூண்டை நசுக்கினாள்.

அதிலிருந்து ஞாயிறு தவறாமல் வருகிறாள், அதே கேள்வியைக் கேட்கிறாள், அக்காவும் அதே பதிலைச் சொல்கிறாள். முதலில் கூடை நிறைந்தது. போகப் போகக் குறைந்து, இப்போது இரண்டு மூன்று பழம்தான் சிவக்கிறது. ஆளுக்கு ஒரு துண்டு ரொட்டிக்கு அது போதும். ஒன்றுமே சிவக்காத ஞாயிறு இன்னும் வரவில்லை. வந்தால் அன்றைக்கு மட்டும் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று தங்கை சொல்லியிருக்கிறாள்.