எடில்பெர்த்தோவின் தங்கக் கடிகாரம்

ஸ்பெயினின் மத்ரீதில் பன்னிரண்டு ஆண்டுகள் வீடு விற்கும் தொழிலில் சம்பாதித்த தம்பி எடில்பெர்த்தோ, கொலம்பியாவின் பொகோத்தா விமான நிலையத்தில் கையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தபோதே அக்கா நெல்சியின் பார்வை அந்தக் கைக்குப் போனது. சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தான். மணிக்கட்டில் தங்கக் கடிகாரம் தகதகத்தது.

"கழட்டுடா அதை."

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா அக்கா? நான் பொறந்து வளர்ந்த ஊரு இது."

"அதனாலதான் சொல்றேன். உனக்குத் தெரியாதா?"

அவன் கேட்கவில்லை. நேராகச் சாப்பிடப் போக வேண்டும் என்றான். உணவகத்தில் ஜன்னலோர மேசைதான் வேண்டும் என்றான். கோழியும் உருளைக்கிழங்கும் போட்ட அஹியாக்கோ சூப்பைக் கிண்டிக்கொண்டே, பரிமாறிய பெண் கேட்காமலேயே கடிகாரத்தின் விலையைச் சொன்னான். பக்கத்து மேசைகளில் தலைகள் திரும்பின. நெல்சி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இப்பக் கழட்டலைன்னா நீ நடந்தே வீட்டுக்கு வா. என் கார்ல இடமில்லை."

முணுமுணுத்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தான். அவள் கழிப்பறைக்குப் போய் அதைத் தன் காலுறைக்குள் செருகி, மேலே பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு வந்து, அவனுக்குக் கண்ணால் பூட்ஸைக் காட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

காரில் நான்கு தெரு தாண்டியிருப்பார்கள். சிவப்பு விளக்கில் நின்றபோது ஒரு பைக் வந்து எடில்பெர்த்தோ பக்கம் ஒட்டி நின்றது. பின்னால் இருந்தவன் துப்பாக்கியால் கண்ணாடியைத் தட்டினான். எடில்பெர்த்தோ பதறிப்போய்க் கண்ணாடியை இறக்கினான்.

"வாட்ச்சைக் குடு."

எடில்பெர்த்தோ வெறுங்கையை நீட்டிக் காட்டினான். நெல்சி நிம்மதியாக ஒரு கணம் கண்ணை மூடினாள்.

"விளையாடாத. சாப்பிடுறப்ப இருந்துதே, எங்க அது?"

"இவகிட்ட இருக்கு! இவ பூட்ஸுக்குள்ள!"

துப்பாக்கி அவன் மூக்கைக் கடந்து அவள் பக்கம் திரும்பியது.

நெல்சி குனிந்தாள். பூட்ஸின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. விளக்கு பச்சையானது. பின்னால் நின்ற பேருந்துக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான்.

"சீக்கிரம்க்கா, சீக்கிரம்," என்றான் திருடன்.

"இழுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்!" என்று அவனிடமே எரிந்து விழுந்தாள். கடைசியில் ஜிப் கிழிந்தது. கடிகாரத்தை வாங்கிக்கொண்டதும் பைக் வளைந்து திரும்பி, பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் நுழைந்து மறைந்தது.

இரண்டு தெரு தள்ளி, மருந்துக்கடை வாசலில் காரை நிறுத்தினாள். கிழிந்த ஜிப்பைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். அவனோ போனை எடுத்து எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"இன்ஷூரன்ஸ் இருக்கு. போலீஸ்ல எழுதிக் குடுத்தா போதும். நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டுடு அக்கா."

"என்னைக் காட்டிக் குடுத்தியேடா."

"வேற என்ன பண்றது? சுட்டிருப்பான்!"

"யாரை?"

அவன் போனை மடியில் வைத்தான். பிறகு மிகச் சின்னக் குரலில், "பயந்துட்டேன்க்கா," என்றான்.

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கோபம் அடங்கவில்லை.

"இறங்கு. பின்னாடி போய் உக்காரு."

அவன் இறங்கிப் பின்னால் ஏறினான். அவள் காவல் நிலையத்துக்கு வண்டியைத் திருப்பினாள். சாட்சிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். ஆனால் அவன் மத்ரீதுக்குத் திரும்பும் வரை, அந்த எட்டு நாளும், அவளுக்குப் பக்கத்து இருக்கையில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்து வந்தது.