ஜுசான் பூப்பதற்கு முன்

ஆகஸ்ட் பிறந்தால் புல்வெளியெங்கும் ஜுசான் பூத்துவிடும். நம் மரிக்கொழுந்துக்கு ஒன்றுவிட்ட தங்கை அது. கசாக்குகளுக்கு அந்த வாசம்தான் ஊர். பிழைக்கப் போகிறவன்கூட ஒரு கொத்தைப் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்புவான். பல்ஜானுக்கோ அதன் மகரந்தம் காற்றில் வந்தாலே போதும், அடுக்குத் தும்மல், கண்ணெரிச்சல், தொண்டைக்கட்டு. பாட்டுக்காரிக்கு இதைவிட என்ன சாபம் வேண்டும்?

போன வருஷம் மாவட்டப் பாட்டுப் போட்டியில், பதில்பாட்டுக் கட்ட வேண்டிய நேரத்தில் தும்மித் தும்மிக் குரலே போய்விட்டது. எதிரே இருந்த ஒரின்பெக், "மண்ணே உன்னை வேண்டாங்குது தங்கச்சி" என்று இரண்டு தந்தி தோம்ப்ராவை மீட்டிப் பாட, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. தோற்றதைவிட அந்தச் சிரிப்புதான் அவளுக்கு வலித்தது. இந்த வருஷமும் அவன்தான் எதிரி. இதிலும் தோற்றால் அவளை எந்த மேடைக்கும் கூப்பிட மாட்டார்கள்.

அதற்காக மூக்கைச் சிந்திக்கொண்டு மூலையில் உட்காருகிறவளா பல்ஜான்? நகரத்து டாக்டரம்மா சொன்னபடி, ஜூலையிலேயே, பூ விரியுமுன்பே, மூக்கில் அடிக்கும் மருந்தைத் தினமும் அடிக்க ஆரம்பித்தாள்.

"நோவு வர்றதுக்கு முன்னாடியே மருந்தா? நல்லாருக்கு கூத்து" என்றாள் மாமியார் குல்யாஷ்.

"பனி கொட்டுனப்புறமா அத்தை நாம வைக்கோல் சேக்கறோம்?"

பல்ஜான் காற்றடித்தால் சன்னலைச் சாத்தினாள். துணியை உள்ளேயே உலர்த்தினாள். வெளியே போய் வந்தால் தலைக்குக் குளித்தாள். எல்லாம் சரிதான், வாசல் நிலையில் மாமியார் கட்டித் தொங்கவிட்ட ஜுசான் கொத்தை மட்டும் அசைக்க முடியவில்லை.

"அதை எடுத்துருங்க அத்தை."

"எம் மாமியா காலத்துலேர்ந்து தொங்குது. அது இல்லாட்டி இது கசாக்கு வீடா? நீ வேணா உள்ள வரப்ப மூக்கைக் கழட்டி வச்சுட்டு வா."

போட்டிக்கும் குல்யாஷ் வரவில்லை. ரேடியோவில் கேட்டுக்கொள்கிறேன் என்றுவிட்டாள்.

திறந்த மைதானம். வேண்டுமென்றே வீசுவதுபோல் காற்று. பல்ஜான் குரல் கம்மாமல் பாடுவதைப் பார்த்த ஒரின்பெக், கடைசிச் சுற்றில் மடியிலிருந்து ஒரு கொத்து ஜுசானை எடுத்து நீட்டினான். பூ உதிரும் கொத்து.

"மண்ணோட மகளுன்னு மார்தட்டும் தங்கச்சி,
கண்ணை மூடாம இதை மோந்து காட்டடி தங்கச்சி."

பிறந்த மண்ணின் வாசத்தை வேண்டாமென்று எந்தக் கசாக்குப் பெண் சொல்லுவாள்? மோந்தாலோ எந்த மருந்தும் காப்பாற்றாது. பல்ஜான் கையை எட்ட நீட்டிக் கொத்தை வாங்கினாள், எழுந்தாள், அதை ஒரின்பெக்கின் தொப்பியிலேயே செருகிவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினாள்.

"மோந்து பாத்து மடிச்சு நீ பையில வச்சுக்குவே,
சாஞ்சு நான் படுத்தாலும் அது தேடி வந்துரும்.
உன்னைத் தொட்டுப் போற மண்ணு என்னைக் கட்டி அழுவுது,
அண்ணே, இது யாரு மண்ணு? ஊரே சொல்லட்டும்."

ஊர் சொல்லிவிட்டது. முதலில் கைதட்டியவன், தொப்பியில் பூவோடு, ஒரின்பெக்தான். நடுவர்கள் பரிசான சரிகை அங்கியைப் பல்ஜானின் தோளில் போர்த்தினார்கள்.

அந்த அங்கியோடு, தலை நிமிர்ந்து, பல்ஜான் வீட்டு வாசலுக்கு வந்தபோது குல்யாஷ் வெந்நீர் வாளியோடு வழிமறித்தாள்.

"நில்லு. அங்கியைக் கொடியில போடு. காடெல்லாம் அதுலதான் இருக்கும். தலைக்கு ஊத்திக்கிட்டு அப்புறம் உள்ள வா."

பல்ஜான் நிமிர்ந்து பார்த்தாள். நிலையில் ஆணி மட்டும் இருந்தது.

"என்ன பாக்கறே? குதிரைக் கொட்டாயில கட்டிட்டேன்" என்றாள் மாமியார். "அதுங்க பாடப் போறதில்ல."