கல்லாய் உறைந்த ஐஸ்கிரீம்

அக்காவின் கணவர் நடத்தும் ஐஸ்கிரீம் கடையில் கரண்டி பிடிப்பது என் வேலை. ஐஸ்கிரீம் கல்லாக இருக்க வேண்டும் என்பது அத்தானின் கொள்கை. குழைந்தால் தரம் போச்சு என்பார். அதனால் ஃப்ரீசரின் குமிழை முழுக் குளிருக்குத் திருகி, யாரும் தொடாதபடி டேப் ஒட்டி வைத்திருந்தார். தோண்டுவது நான். பணப்பெட்டி அருகில் உட்காருவது அவர்.

கோடையின் பாதியில் என் வலது முழங்கையின் வெளிப்பக்கம் சுருக்கென்று வலிக்கத் தொடங்கியது. போகப் போக, தண்ணீர் டம்ளரைத் தூக்கவே இடது கையைத் தேடினேன். கைக்குழந்தையான என் மகளை எங்கே நழுவவிட்டுவிடுவேனோ என்று தூக்கவே பயந்தேன். வலியைவிட அந்தப் பயம்தான் என்னைத் தின்றது.

பிசியோதெரபிஸ்ட் அம்மா அமுக்கிப் பார்த்துவிட்டு, டென்னிஸ் எல்போ என்றார். நான் மட்டையைத் தொட்டதே இல்லை என்றேன். இங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தொட்டதில்லை என்றார். முதலில் ஓய்வு. பிறகு ஃப்ரீசரின் குளிரைக் குறைக்க வேண்டும், கரண்டியை வெந்நீரில் முக்கி எடுக்க வேண்டும், இறுக்கிப் பிடிக்காமல், மணிக்கட்டை வளைக்காமல், அவ்வப்போது கை மாற்றித் தோண்ட வேண்டும். இதையெல்லாம் முதலிலேயே செய்திருந்தால் இங்கே வந்திருக்கவே மாட்டீர்கள் என்று வேறு சொன்னார்.

கடைக்கு வந்து இதைச் சொன்னதும் அத்தான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைச் செலவில் எனக்கு ஒரு முழங்கைப் பட்டை வாங்கித் தந்தார். கறுப்பு நிறம், பார்க்க நன்றாகவே இருந்தது.

"குளிரக் கொறச்சா கூழாயிடும் மாப்ளே. கை பழகணும், அவ்வளவுதான்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. இது பழகின கைதான் அத்தான் என்று சொல்லிவிட்டு ஓய்வுக்குப் போய்விட்டேன். பணப்பெட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன், கரண்டியை நீங்கள் பிடியுங்கள் என்று அத்தானிடம் அக்கா முந்திக்கொண்டாளாம். பள்ளி விடுமுறை வேறு. கடை வாசலில் பிள்ளைகள் ஈயாக மொய்த்தார்கள்.

மறுவாரம் அக்கா போன் செய்து, சும்மா வந்து உன் அத்தானைப் பார்த்துவிட்டுப் போ என்றாள். போனேன். அத்தான் சட்டைப் பொத்தான்கூடப் போடாமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தார். அக்கா ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தாள். ஃப்ரீசர் டேப்பைக் கிழித்தாயிற்று என்றாள். கரண்ட் செலவு மிச்சமாகுமே, அதற்காகத்தான் என்று அத்தான் விளக்கினார். சிரிப்பை அடக்க நான் படாத பாடு பட்டேன்.

அத்தான் மெதுவாகச் சொன்னார்.

"உனக்கு முன்னாடி ஒரு பொண்ணு கரண்டி பிடிச்சா. கை வலிக்குது, கை வலிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. நடிக்கிறான்னு நெனச்சு வேலைய விட்டு நிறுத்திட்டேன்."

எனக்குச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

"அவளாவே நின்னுட்டான்னுதானே எங்கிட்ட சொன்னீங்க?" என்றாள் அக்கா.

ஸ்பூனைத் தட்டில் வைத்துவிட்டாள். அத்தான் அதை எடுக்கப் பார்த்தார். விரல்கள் மடங்கவில்லை. நாங்கள் இருவரும் உதவவில்லை.