இன்ஜின் ஆறட்டும்

"வண்டிய ஓட்டிட்டா வந்தீங்க?"

"பின்ன, தூக்கிட்டா வருவாங்க?"

"இன்ஜின் கொதிக்குது. வால்வு மேல விடுற டாப்பெட் இடைவெளிய சூட்டுல அளக்க முடியாது. இரும்பு விரிஞ்சிருக்கும், அளவு பொய் சொல்லும். ஆறட்டும்."

"எவ்வளவு நேரமாகும்?"

"கை வச்சா சுடக்கூடாது. மத்தியானம் ஆயிடும்."

"அதுவரைக்கும் நான் இங்கயே உக்காரலாமா?"

போன வருடம் நடந்த இந்தப் பேச்சு மெக்கானிக்கான அவளுக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருந்தது. வந்தவர் அடுத்த தெருப் பல் டாக்டர். அவர் கொண்டு வந்த மோட்டார் சைக்கிளுக்கு அவரை விட வயது அதிகம். அன்று அவர் உட்கார்ந்த முக்காலியில் ஒரு கால் ஆடும். அவர் ஆடாமல் உட்கார்ந்திருந்தார்.

முந்தின நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டுப் போனால், காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும். யாரும் காத்திருக்க வேண்டாம். எல்லா வாடிக்கையாளர்களிடமும் அவள் முதலில் சொல்வது இதைத்தான். டாக்டரிடம் மட்டும் சொல்ல மறந்துவிட்டாள். மாதா மாதம் மறந்துகொண்டே வந்தாள்.

அவர் மாதா மாதம் வந்தார். மேல்மூடிக்குள்ளிருந்து டிக் டிக்கென்று சத்தம் வருகிறது என்பார். இன்ஜின் ஆறும் வரை இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆறியதும் அவள் மூடியைத் திறந்து, காகிதம் போன்ற எஃகுத் தகட்டை இடைவெளியில் நுழைத்துப் பார்ப்பாள். இடைவெளி கூடியிருக்கும். திருகைச் சரிசெய்து, அதன் மேலிருக்கும் நட்டை இறுக்கி அனுப்புவாள். கிளம்பும்போது அவர் தலைக்கவசத்தைக் கையில் வைத்து உருட்டியபடி, "மேடம், ஒண்ணு கேக்கணும்" என்பார்.

"கேளுங்க."

"இந்த இன்ஜின் ஆயில்... எத்தனை நாளைக்கு ஒரு தடவ மாத்தணும்?"

அடுத்த மாதமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கும். அதுவும் ஆயிலில் போய் முடியும்.

கடையின் முன்பாதியில் அண்ணி வண்டி சீட்டுகளுக்கு உறை தைப்பாள். அண்ணன் லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுபவர். ஆகவே கடையின் காவலும் நிர்வாகமும் உளவுத்துறையும் அண்ணிதான். டாக்டர் "ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்த உடனே தையல் மெஷின் நின்றுவிடும். ஆயில் என்ற சொல் காதில் விழுந்ததும் முன்னைவிட வேகமாக ஓடும்.

"அந்த மனுஷன் பல்லு புடுங்குறப்ப மட்டும் எப்படித்தான் தைரியமா இருக்காரோ" என்பாள் அண்ணி.

"சும்மா இருங்க அண்ணி."

"நான் சும்மாதான் இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் அதைவிட சும்மா இருக்கீங்க."

மெக்கானிக்கின் கவலை வேறு. இறுக்கி விட்ட இடைவெளி மாதா மாதம் கூடுகிறது என்றால், வால்வை ஏற்றி இறக்கும் கேம் தேய்கிறது என்று அர்த்தம். அளந்து பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும். பள்ளிக்கூடத்து வேன் டிரைவரின் வண்டியாக இருந்தால் இரண்டாவது தடவையே செய்திருப்பாள். டாக்டரின் வண்டிக்கு, அடுத்த தடவை பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஏன் தள்ளிப் போடுற?" அண்ணி ஒரு நாள் கேட்டேவிட்டாள். "கேமை மாத்தினா சத்தம் போயிடும். சத்தம் போனா ஆளு வரமாட்டாரு. அதானே?"

"அதெல்லாம் இல்ல."

"தேஞ்ச சாமானை உள்ள வச்சு ஓட்ட விடுறியே, நாளைக்கு நடுரோட்டுல நின்னா யாரு பேரு கெடும்?"

தொழிலைக் குறை சொன்னால் மெக்கானிக்குக்குப் பொறுக்காது. அடுத்த முறை டாக்டர் சத்தத்தோடு வந்து முக்காலியை இழுத்தபோது, அவள் முக்காலியைப் பார்க்காமல் பேசினாள்.

"இன்னிக்கு வண்டிய விட்டுட்டுப் போங்க. காலையில கேமை அளக்கணும்."

"நான் காத்திருக்க..."

"வேண்டாம் டாக்டர்."

அவர் நடந்து போனார். பஸ்ஸைத் தவறவிட்டவர் போல இரண்டு முறை திரும்பிப் பார்த்தார்.

காலையில் அவள் கதவைத் திறந்தபோது அவர் வாசலில் நின்றிருந்தார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றார். இந்தப் பக்கம் வேறு எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை.

இன்ஜின் சில்லென்றிருந்தது. அவள் மேல்மூடியைத் திறந்து, வால்வு எழும்பும் உயரத்தை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, பின்சக்கரத்தை மெல்ல உருட்டினாள். முள் ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, இறங்கியது. இரண்டு வால்வுகளும் புது இன்ஜினைப் போல முழு உயரத்துக்கு எழும்பின. இன்னொரு முறை உருட்டினாள். அதே அளவு.

நம்பிக்கை வராமல் பக்கவாட்டு மூடியையும் கழற்றினாள். டூல் பெட்டியிலிருந்து சின்ன வட்டக் கண்ணாடியை எடுத்தாள். நீளக் காம்பு வைத்த, வாய்க்குள் விட்டுப் பல் பார்க்கும் கண்ணாடி. உள்ளே எட்டிப் பார்க்க உதவும் என்று டாக்டர் கொடுத்தது. அதை அவள் துணியில் சுற்றி வைத்திருப்பது அண்ணிக்கு மட்டும் தெரியும். டார்ச் வெளிச்சத்தில் கேமின் முகம் பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை.

அப்படியானால் இடைவெளி எப்படிக் கூடுகிறது?

கண்ணாடியை மேலே கொண்டு போய், திருகை இறுக்கிப் பிடிக்கும் நட்டின் பின்பக்கம் திருப்பினாள். அங்கே வரிசை வரிசையாகப் பொடிப் பொடித் தடங்கள். எலி கடித்தது போல. எந்த ஸ்பேனரும் அப்படிக் கடிக்காது. அப்படிக் கடிக்கிற ஒரு இடுக்கியை அவளுக்குத் தெரியும். டாக்டரிடம் கடவாய்ப் பல் பிடுங்கிக்கொள்ளப் போன அன்று, வாயைப் பிளந்துகொண்டு அதை மிக அருகில் பார்த்திருக்கிறாள்.

"டாக்டர், கேம் தேயல."

"அப்படியா. சந்தோஷம்." முகத்தில் அது இல்லை.

"நட்டைத்தான் யாரோ புடுங்கப் பாத்திருக்காங்க. இதோ, நீங்களே பாருங்க."

கண்ணாடியை அவர் பக்கம் நீட்டினாள். அவர் குனிந்து பார்த்தார். தன் வாழ்நாளில் அத்தனை நேரம் எந்தச் சொத்தைப் பல்லையும் பார்த்திருக்க மாட்டார்.

"ஸ்பேனர் வாங்கினேன் மேடம். சைஸ் சேரல."

தையல் மெஷின் நின்றது.

"மாசாமாசம் கழட்டினீங்களா?"

"முதல்ல தானா சத்தம் வருதான்னு பொறுத்துப் பாத்தேன். வரல. நீங்க ரொம்ப நல்லா டைட் பண்றீங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. பாதி வழியில் அது சிரிப்பாக மாறப் பார்த்தது, விடவில்லை. "போற வழியில நட்டு கழண்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

"தள்ளிக்கிட்டாவது இங்கதான் வந்திருப்பேன்."

முன்பக்கத்தில் யாருக்கோ இருமல் வந்தது.

மெக்கானிக் தகட்டை வைத்து இடைவெளியைச் சரிசெய்தாள். கடிபட்ட நட்டை எறிந்துவிட்டுப் புது நட்டைப் போட்டு இறுக்கினாள். மூடிகளை மாட்டினாள். ஸ்டாண்டிலேயே வண்டியை உதைத்தாள். இன்ஜின் ஒழுங்காக ஓடியது. டிக் டிக்கைக் காணோம். அவள் குனிந்து இன்னொரு முறை காது கொடுத்துப் பார்த்தாள். அணைத்தாள்.

"நானும் ஒண்ணு மறைச்சேன்" என்றாள், கையைத் துடைத்தபடி. "முந்தின நாளே வண்டிய விட்டுட்டுப் போயிருந்தா நீங்க ஒரு நாளும் காத்திருக்க வேண்டியதில்ல. சொல்லாம விட்டுட்டேன்."

"தெரியும். பெட்ரோல் பங்க்ல முதல் மாசமே சொன்னாங்க."

துடைத்த கையையே அவள் மறுபடி துடைத்தாள். இனி ஆறுவதற்கு எதுவும் இல்லை, அளப்பதற்கும் இல்லை. சாவியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. தலைக்கவசத்தை உருட்டத் தொடங்கினார்.

"மேடம், ஒண்ணு கேக்கணும்."

"ஆயில் இப்பதான் மாத்தினது."

"ஆயில் இல்ல."

அண்ணி கையில் எடுத்த கத்தரிக்கோலைக்கூடக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் தலைக்கவசத்தை முக்காலியில் வைத்தார். முக்காலி ஆடியது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"உங்கள மேடம்னு கூப்பிடுறத நிறுத்திடலாம்னு பாக்குறேன். என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"