சைப்ரஸ் மரத்தடியில் தோண்டியவர்

வல்ரோக் ஊரில் மேலத்தெரு கத்தோலிக்கர்களுடையது, கீழத்தெரு பிராட்டஸ்டன்டுகளுடையது. ரொட்டிக்கடை இரண்டு, மதுக்கடை இரண்டு, பகை மட்டும் ஒன்று. அதை முந்நூறு வருஷமாக இரு தெருவும் பங்கு போட்டுச் சாப்பிட்டு வந்தன. ராஜா காலத்தில் பிராட்டஸ்டன்ட் பிணத்துக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று விரட்டினார்கள். அவர்களும் சொந்த நிலத்தில் புதைத்து, கல்லுக்குப் பதிலாக ஒரு சைப்ரஸ் மரத்தை நட்டார்கள். ராஜா போய்ச் சேர்ந்தார், பழக்கம் போகவில்லை.

மேலத்தெரு ஃபிர்மேன் வசால், கீழத்தெரு ரூமஜோன் குடும்பத்தின் திராட்சைத் தோட்டத்தை வாங்கிய நாளிலிருந்து அதன் நடுவே நின்ற சைப்ரஸ் மரம் அவருக்குக் கண்ணில் விழுந்த தூசு. நிலம் கைமாறினாலும், அங்கே புதைக்கப்பட்டவர்களின் வாரிசுக்குச் சட்டப்படி வழிவிட்டே ஆக வேண்டும். நொயெமி ரூமஜோன் மாதம் தவறாமல் களைக்கொத்தியோடு வந்தாள். ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் அவர் கொடிகளுக்கு நடுவே நடந்து போனாள்.

"மரத்தடியில எலும்பாவது ஒண்ணாவது! வழி கேக்கறதுக்குன்னே நட்டு வெச்சிருக்கானுங்க" என்பது மேலத்தெருவின் பழைய கிண்டல். ஃபிர்மேன் அதை வேதவாக்காகவே நம்பினார். எலும்பு இல்லையென்றால் வழியும் இல்லை. "பூசை முடிஞ்சதும் வாங்க, காட்டுறேன்" என்று கூட்டாளிகளிடம் சவால் விட்டுவிட்டு, ஒரு ஞாயிறு காலை மண்வெட்டியை எடுத்தார்.

இடுப்பளவு தோண்டியதும் எலும்பு தட்டுப்பட்டது. ஆத்திரத்தோடு மண்ணைக் கிளறினார். விரல் எலும்புகளில் சுற்றிய கண்ணாடிமணி ஜெபமாலை கையோடு வந்தது.

"நல்லாத் தோண்டுங்க. பக்கத்துலயே எங்க தாத்தாவும் இருக்காரு, அவரையும் எழுப்புங்க." மேலே நொயெமி நின்றிருந்தாள்.

"இது எங்க ஆளுங்க மாலை. எங்கடி திருடினீங்க?"

"எங்க பாட்டி ரோசினோடது. உங்க அப்பாகூடப் பொறந்தவங்க."

"பொய்! எங்க அத்தை மார்செய் பட்டணத்துல காலராவுல செத்தாங்க."

"உங்க வீட்டுல அப்படிச் சொல்லிக்கிட்டாங்க. எங்க தாத்தாவைக் கட்டிக்கிட்டு, பிரசவத்துல போனாங்க. உங்க கல்லறைத் தோட்டத்துல, அவங்க அம்மா பக்கத்துல பொதைக்கணும்னு கடைசியா கேட்டாங்களாம். தாத்தா உங்க வாசல்ல வந்து கெஞ்சினாரு. உங்க தாத்தா நாயை அவுத்து விட்டாரு. அந்த மாலையைக் கையில வெச்சுப் பொதைச்சது எங்க ஆளுங்க. கரிச்சுக் கொட்டிக்கிட்டேதான் வெச்சாங்க, ஆனா வெச்சாங்க."

ஃபிர்மேன் நிமிர்ந்து பார்த்தார். அப்பாவின் அதே நீண்ட மோவாய் அவள் முகத்தில் இருந்தது. இத்தனை காலமும் அதைத் திமிர் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

அதற்குள் மேலத்தெருக் கூட்டம் வந்துவிட்டது. முன்னால் வந்தவர் மதுக்கடை ஒனொரே.

"என்னப்பா ஃபிர்மேன், எலும்பு கெடைச்சுதா, வெங்காயம் கெடைச்சுதா?"

எல்லாரும் சிரித்தார்கள். ஃபிர்மேன் மாலையைக் கைக்குள் பொத்திக்கொண்டார். வழி விட்டுத் தொலைத்தாலும் பரவாயில்லை, மானமாவது மிஞ்சட்டும்.

"இருக்கு," என்றார். "கீழத்தெருப் பொணம்."

நொயெமி குழிக்குள் குதித்தாள். அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மாலையைப் பிடுங்கி, எல்லார் கண்ணிலும் படும்படி உயர்த்திப் பிடித்தாள். கீழத்தெருவில் ஜெபமாலையைக் கையாலும் தொடமாட்டார்கள் என்பது அந்த ஊரில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சிரிப்பு நின்றது. ஒனொரே தொப்பியைக் கழற்றினார்.

"எல்லாரும் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க, சொல்லுங்க மாமா," என்றாள் நொயெமி. "இது யாரு வீட்டுப் பொணம்?"